கண்ணைக் குத்தும் நீலம்

ஆஸ்பத்திரி வளாகத்தில் நின்ற பழைய காரின் முன்கதவு வழியாக இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு கணம் நின்று, அந்தக் கால்கள் அசைகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். இடம் அப்படி. மகளுக்கு மட்டும் அவற்றைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா, மேல எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டாச்சு. வீல்சேர் கிடைச்சதும் அம்மாவைக் கூட்டிட்டு வந்துடுவாங்க. நீங்க இன்னும் என்ன பண்றீங்க?"

"டார்ச்சை இப்படிக் காட்டு," என்றது டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து குரல்.

கைப்பேசி விளக்கைப் போட்டுக் காட்டினாள். அவளுக்குக் கோபப்படவும் தெம்பில்லை. வார்டுக்கு வெளியே இருந்த இரும்பு நாற்காலியில் எத்தனை இரவுகள் உட்கார்ந்தே தூங்கினாள் என்ற கணக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது. இடுப்பு மரத்துப்போய், உடுத்தியிருந்த புடவையே பாரமாக இருந்தது. எப்படியோ முடிந்தால் போதும் என்று காலையில் ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதை விரட்டிவிட்டு, அதற்காகக் கழிவறையில் போய் அழுதும் வந்திருந்தாள்.

காலையில்தான் டாக்டர் அவளைத் தனியாக அழைத்துப் பேசினார். இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள், இன்று தாங்கலாம், நாளை தாங்கலாம் என்றார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே வந்தபோது அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. காதைக் கொண்டுவா என்று விரலால் கூப்பிட்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்று கேட்டார் அப்பா.

"வீட்டுக்குப் போகணுமாம். நம்ம கார்லதான் வருவாளாம். முன் சீட்லதான் உக்காருவாளாம்."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அம்மா சொல்வதை மகள் வாங்கித் திருப்பிச் சொல்வது இந்த நாட்களில் வந்த பழக்கம். அப்பா காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பழைய பஸ்களில் எஞ்சின், டிரைவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து உறுமும். உறுமி உறுமி அவருடைய இடது காதைத் தின்றுவிட்டது. காரில் அம்மா உட்காருவதும் அந்தப் பக்கம்தான். "உங்கப்பாவோட நான் பேசினதெல்லாம் மைக் இல்லாத மேடைப் பேச்சு" என்பாள். இப்போது அவளுக்குக் குரல் போய்விட்டதால், மகள் மைக் ஆகியிருந்தாள்.

முன் சீட் விவகாரம் அதைவிடப் பழையது. ஓய்வு பெற்றதும் இந்தக் காரை வாங்கிய அப்பாவுக்கு, அதிலிருந்த மீட்டர்கள் பிடிக்கவில்லை. எண்ணெய் குறைந்தாலோ எஞ்சின் கொதித்தாலோ சிவப்பாக ஒரு விளக்கு எரியும், அவ்வளவுதான். "சிவப்பு லைட் எரியறது தகவல் இல்ல, சாவுச் செய்தி. முள்ளு இருந்தா முன்னாடியே சொல்லும்" என்று, எண்ணெய்க்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று என மூன்று வட்ட மீட்டர்களை வாங்கித் தானே மாட்டினார். உள்ளே நீல விளக்கு. அதன் வயரை நேராக ஹெட்லைட் சுவிட்சில் கோர்த்துவிட்டார். இருட்டினால் காரின் முன்பக்கம் கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது.

கண் ஆபரேஷன் முடிந்து வந்த அம்மாவுக்கு அந்த நீலம் ஆகவில்லை. கண்ணைக் குத்துகிறது, குறையுங்கள் என்றாள். பார்க்கலாம் என்றார். திரும்பவும் சொன்னாள். திரும்பவும் பார்க்கலாம் என்றார். ஒரு நாள் அவள் தலையணையை எடுத்துக்கொண்டு பின் சீட்டுக்குப் போய்விட்டாள். "என்ன, என்னைத் தனியா டிரைவர் மாதிரி உக்கார வச்சுட்டே?" என்று கேட்டதற்கு, "டிரைவர்தானே நீங்க" என்றாள். அதோடு சரி. அவளும் முன்னால் வரவில்லை. அவரும் குறைக்கவில்லை. இரண்டும் இரண்டு பிடிவாதம்.

அதனால்தான் காலையில் அவர் எழுந்து போனபோது, எங்கே போகிறார் என்று மகள் கேட்கவில்லை. எதிரே இருக்கும் உதிரிபாகக் கடைக்குப் போய் வயரும் டேப்பும் வாங்கி வந்தார். அப்போது படுத்தவர்தான், இன்னும் எழவில்லை. வெயில் இறங்க ஆரம்பித்துவிட்டது.

"ஆச்சு," என்று அப்பா மெல்லப் புரண்டு வெளியே வந்தார். கழற்றி வைத்திருந்த பேட்டரி வயரை மாட்டிவிட்டு, விளக்கைப் போட்டார். நீலம் பளிச்சென்று எரிந்தது. வெளிச்சத்தைக் குறைக்க இந்தக் காரிலேயே ஒரு திருகு குமிழ் உண்டு. அந்த வயரில்தான் இப்போது தன் மூன்று மீட்டர்களையும் இணைத்திருந்தார். "இப்பப் பாரு" என்று குமிழைத் திருகினார்.

காரின் சொந்த விளக்குகள் மங்கின. நீலம் கூடியது. இன்னும் திருகினார். இன்னும் கூடியது.

"என்னப்பா இது? குறைச்சா ஏறுது?"

அவர் குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகிப் பார்த்தார். மகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையில் போய் முடியும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"போதும்ப்பா. இருக்கற ஆம்புலன்ஸ்ல ஒண்ணைப் பிடிச்சுப் போயிடலாம். இல்லன்னா கார்லயே அம்மா கண்ணை மூடிட்டு வரட்டும்."

பக்கத்தில் ஆம்புலன்ஸில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அதன் டிரைவர், கேட்காத மாதிரி இருக்க முயன்று தோற்றார். கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"என் வண்டி எங்கயும் ஓடிடாதும்மா. ஐயா, இந்த வண்டில அந்தக் குமிழ் எர்த் பக்கம் இருக்கு. நீங்க அதுல லைட்டுக்குக் கரண்ட் எடுத்தா தலைகீழாத்தான் வேலை செய்யும். அதைத் தொடவே வேணாம். பார்க் லைட் போற வயர்லேருந்து எடுங்க. தனியா ஒரு டிம்மர் வச்சு, அது வழியா மீட்டருக்குக் குடுங்க."

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். டிம்மர். கடைக்காரன் வற்புறுத்திக் கொடுத்திருக்கிறான். காரில் குமிழ் இருக்க எதற்கு இன்னொன்று என்று இவர் பிரிக்காமலே வைத்திருக்கிறார். மகள் அதைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பேட்டரி வயரை மறுபடி கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார்.

அந்த நேரம் பார்த்து, நர்ஸ் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். போர்வைக்குள் அம்மா ஒரு பிடியாகிவிட்டிருந்தாள். கண்கள் மட்டும் திறந்து, கதவுக்கு வெளியே நீட்டியிருந்த கால்களைப் பார்த்தன. உதடு அசைந்தது. மகள் குனிந்தாள்.

"என்ன சொல்றா?" உள்ளேயிருந்து குரல்.

"பஸ்காரரே, வண்டி எப்பக் கிளம்பும்னு கேக்கறா."

"டிக்கெட் எடுத்தாச்சான்னு கேளு."

அம்மாவின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து நின்றது. "ரொம்ப நேரம் உக்கார வைக்காதீங்கக்கா, பல்ஸ் இறங்கிட்டே இருக்கு," என்றாள் நர்ஸ், மகளின் காதோரமாக. மகள் வாங்கித் திருப்பிச் சொல்லாமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

அப்பாவின் கைகள் அவசரப்பட்டன. வயரை நேராக முறுக்கி டேப் சுற்றப் போனார். "ஃப்யூஸ் போடாம விடாதீங்க," என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

"இப்ப அதுக்கெல்லாம் நேரமில்ல தம்பி."

"வழியில வயர் சூடாகிப் புகைஞ்சா, அம்மாவை ரோட்ல இறக்கி விடுவீங்களா?" என்று தன் வண்டியிலிருந்து ஒரு சின்ன ஃப்யூஸைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார். அப்பா மறுபேச்சில்லாமல் மாட்டினார். மறுபடி பேட்டரி. மறுபடி விளக்கு. டிம்மரை மெதுவாகத் திருப்பினார். நீலம் அடங்கி, அடங்கி, முள் மட்டும் தெரிகிற அளவுக்கு வந்து நின்றது. அவர் நெற்றியில் கிரீஸ் அப்பியிருந்தது.

முன் சீட்டைச் சாய்த்து, நாலு கைகளாக அம்மாவைத் தூக்கி வைத்தார்கள். எடையே இல்லை. மகள் பின்னால் உட்கார்ந்து, சீட்டுக்கும் கதவுக்கும் இடையே கையை விட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ்காரர் கதவைச் சத்தமில்லாமல் அழுத்தி மூடினார்.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அப்பா நிறைய ஆட்களை ஏற்றிய பஸ்ஸைப் போலக் காரை ஓட்டினார். பள்ளங்களை ஒதுக்கி, பிரேக்கைப் பஞ்சு மாதிரி மிதித்து, பின்னால் ஹாரன் அடிப்பவர்களை அவர்கள் பாட்டுக்கு அடிக்க விட்டு. அம்மாவின் உதடு அசைந்தது. மகள் முன்னால் சாய்ந்து கேட்டாள்.

"என்ன சொல்றா?"

"நல்லா இருக்காம். கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்காம்."

அப்பாவின் கை டிம்மருக்குப் போனது. "இன்னும் குறைக்கணுமா கேளு."

அம்மா சொன்னாள். மகள் திருப்பிச் சொன்னாள். "வேணாமாம். முள்ளு உங்களுக்குத் தெரியணும்லன்னு சொல்றா."

பெரிய சாலை முடிந்து, சந்தைக்குப் பின்னால் போகும் தெருவில் திரும்பினார்கள். கடைகள், மூடிய பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி. அம்மாவின் கட்டைவிரல் மகளின் விரலை அழுத்திக்கொண்டே இருந்தது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது அந்த அழுத்தம் இல்லை.

மகள் காத்திருந்தாள். கையை மாற்றிப் பிடித்தாள். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தாள். எதிரே வந்த லாரியின் வெளிச்சத்தில் போர்வையைப் பார்த்தாள். அது ஏறி இறங்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேரவில்லையே. இன்னும் கொஞ்சம், இவ்வளவுதானே கேட்டாள் என்று யாரிடமோ சண்டை போட வேண்டும்போல் இருந்தது. அப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

முன்னால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தார். வேகத்தடை வந்தது. காரைக் கிட்டத்தட்ட நிறுத்தி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினார்.

"கண்ணைக் குத்துதான்னு கேளு," என்றார்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். அம்மாவின் கை இன்னும் சூடாகத்தான் இருந்தது.

"இல்லையாம்ப்பா."

"சரி. இன்னும் ரெண்டு தெருதான்னு சொல்லு."

மகள் முன்னால் நகர்ந்து, அம்மாவின் காதருகே குனிந்தாள். அப்பாவுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"அம்மா, இன்னும் ரெண்டு தெருதானாம்."