அடுக்கி வைத்தவர்

"தொட்டீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க—"

"தொடலைன்னு நான் எப்போ சொன்னேன்? அடுக்கி வெச்சேன்னுதானே—"

"அடுக்கச் சொன்னது யாரு?"

"நீதான்! முந்தாநாள் நீதானே தலையைப் பிச்சுக்கிட்டு, எது எங்க கிடக்குன்னே தெரியலைன்னு—"

"புலம்பினேன்! பொண்டாட்டி புலம்பினா தலைவலியான்னு கேக்கணும். உள்ள பூந்து கை வைக்கக் கூடாது!"

சாப்பாட்டு மேஜை மேல் மடிக்கணினி திறந்து கிடந்தது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. காலையிலிருந்து அவள் எதை இயக்கினாலும், 'அந்தக் கோப்பு இல்லை' என்ற ஒரே பதில்தான்.

அவர் உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். திருகாணியோடு திருகாணி, வாஷரோடு வாஷர் சேர்ந்திருந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். வீட்டில் டப்பாக்கள்கூட உயர வரிசையில்தான் நிற்கும். நேற்று அவள் கடைக்குப் போயிருந்த நேரம், அந்தக் கை கணினிக்குள்ளும் நீண்டுவிட்டது.

"என்னென்ன பண்ணீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"படமெல்லாம் ஒரு இடம். எழுத்தெல்லாம் ஒரு இடம். அவ்வளவுதான்."

"ஒரே பேர்ல நாலஞ்சு கோப்பு இருந்திருக்குமே. ஒவ்வொண்ணும் வேற வேற ஃபோல்டர்ல."

"இருந்துச்சு. எல்லாத்தையும் ஒண்ணாப் போடுறப்போ, 'இதே பேர்ல ஒண்ணு இருக்கு, அதை எடுத்துட்டு இதை வெக்கட்டுமா'ன்னு கேட்டுச்சு. வைன்னேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"கேட்ட தடவையெல்லாம். எதுக்கு ஒரே சாமான் அஞ்சு?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "சரி. 'பழசு'ன்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சே. அதுல எல்லாத்துக்கும் நகல் வெச்சிருந்தேன். அது எங்க?"

"பழசைப் போய் யாராவது வெச்சுக்குவாங்களா? குப்பைத்தொட்டியில போட்டேன்."

"அப்பாடா. தொட்டியில இருந்தா எடுத்துடலாம்." அவள் விரல் வேகமாக நகர்ந்தது. நின்றது. "தொட்டி காலியா இருக்கே."

"ராத்திரி யாராவது தொட்டியில குப்பையை வெச்சுக்கிட்டுத் தூங்குவாங்களா? கொட்டிட்டேன்."

அவள் சிரித்தாள். கேட்கவே நன்றாயில்லாத சிரிப்பு. கூடச் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அவர் மேஜைத் துணியின் சுருக்கத்தை நீவினார்.

"அந்தத் துணியை விடுங்க! இன்னிக்கு மத்தியானம் பரீட்சைங்க. வெளியிலேர்ந்து ஒருத்தர் வந்து உக்காந்து, 'நீ எழுதின புரோகிராமை ஓட்டிக் காட்டு'ம்பாரு. ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டாச்சு. இன்னொரு தடவை போச்சுன்னா படிப்பும் போச்சு. தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் பண்ணீங்களா?"

அவர் நிமிர்ந்தார். "என்ன சொன்ன?"

"காதுல விழுந்துச்சுல்ல."

"என்னைப் பார்த்தா அப்படிப்பட்ட ஆளாவா இருக்கு? நான் பக்கத்துல வந்தாலே மூடிடுற. என்ன படிக்கிறேன்னு கேட்டா, 'உங்களுக்குப் புரியாது'ன்னு ஒரே வெட்டு. எனக்குத் தெரிஞ்சது அடுக்குறது ஒண்ணுதான். அதையாவது செய்வோம்னு செஞ்சேன்."

"நல்லா செஞ்சீங்க, போங்க!"

முன்பு ரத்தப் பரிசோதனை லேபில் அவள் வேலை செய்துகொண்டிருந்தாள். புது மெஷின் வந்த பிறகு அவளுக்கு மிஞ்சியது ட்யூபை வைத்துப் பட்டனை அமுக்குவதுதான். 'அதுக்குச் சொல்லிக் குடுக்குறது யாரோ, அந்த ஆளா ஆகப்போறேன்' என்று வேலையை விட்டு, நிரல் எழுதும் வகுப்பில் சேர்ந்தாள். இப்போது எழுதிய நிரலும் லேபைப் பற்றியதுதான். காத்திருப்பவர்களில் யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்று அது சொல்லும். வெறும் வயிற்றோடு வந்தவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் முன்னால் தள்ளும்.

ஆசிரியைக்குப் போன் போட்டாள். இவள் லேபில் சேர்ந்தபோது அந்தப் பெண் தவழ்ந்துகொண்டிருந்திருக்கும். இருந்தாலும் மேடம் மேடம்தான்.

"மேடம், ஒரு பிரச்சினை. என் வீட்டுக்காரர்—"

"ஐயோ, உடம்பு சரியில்லையா அக்கா?"

"நல்லாத்தான் இருக்காரு. அதான் பிரச்சினை."

நடந்ததைக் கேட்டுவிட்டு ஆசிரியை சொன்னாள்: "பதறாதீங்கக்கா. தினமும் வேலை முடிஞ்சதும் ஒரு நகலை வகுப்பு சர்வர்ல ஏத்தணும்னு சொல்லியிருக்கேன்ல? இந்த மாதிரி நேரத்துக்குத்தான். நேத்து ஏத்தினதை இறக்கிக்கங்க."

இவள் மடிக்கணினியைப் பாதி மூடினாள்.

"அக்கா? ஏத்தினீங்கல்ல?"

"போன மாசம் ஏத்தினதுதான் மேடம்."

"போன மாசமா! ஏங்க்கா?"

அவர் கேட்டுக்கொண்டே நின்றார். அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அது எல்லாருக்கும் தெரியுற இடம் மேடம். பசங்க திறந்து பாக்குறாங்க. அவங்க நாலு வரியில முடிக்கிறதை நான் ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பேன். 'அக்கா கதை எழுதுறாங்க'ன்னு ஒருத்தன் சொன்னான். முழுசா முடிச்சு, அழகு பண்ணி ஏத்தலாம்னு..."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "தேதியை மாத்துறது என் கையில இல்லக்கா. அந்தப் பழைய நகலை எடுத்துக்கிட்டு உடனே கிளம்பி வாங்க. விட்டதை எவ்வளவு திரும்ப எழுத முடியுமோ எழுதுவோம்."

போனை வைத்தாள்.

"அப்போ," என்றார் அவர், "தப்பு என்னோடது மட்டும் இல்ல."

"பேசாதீங்க."

"சொல்லித் தந்தபடி செஞ்சிருந்தா—"

"பேசாதீங்கன்னேன்ல!"

பழைய நகலை இறக்கித் திறந்து பார்த்தாள். ஓடியது. வந்தவர் வந்த வரிசையில் பேர் கூப்பிட்டது. வெறும் வயிறும் அதற்குத் தெரியவில்லை, பிள்ளைத்தாய்ச்சியும் தெரியவில்லை. ஒரு மாதமாக முட்டி மோதி எழுதியது அதைத்தான்.

"இது போதாதா? ஓடுதே," என்றார் எட்டிப் பார்த்து.

"போதாது."

அவள் முகம் கழுவி வருவதற்குள் அவர் சார்ஜர் ஒயரைச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, பையில் செருகியிருந்தார். அவள் அதை வெளியே எடுத்து, ரப்பர் பேண்டைக் கழற்றி, ஒயரை அப்படியே திணித்து ஜிப்பை இழுத்தாள். ஜிப் பாதியில் சிக்கியது. பிய்த்து இழுத்தாள்.

"வண்டியில கொண்டுபோய் விடட்டுமா?"

"வேணாம். பஸ்ஸுல உக்காந்து எழுதணும்."

செருப்பை மாட்டினாள். இரண்டு மாடி கீழே போன பிறகும் மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை. அவர் கைப்பிடிச் சுவரில் குனிந்து நின்றார்.

"இங்க பாரு. மனசை மட்டும் விட்டுடாத. இன்னிக்குச் சரியா வரலைன்னாலும் ஒண்ணும் ஆயிடாது. லேப்ல உன் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கலையாம். போன வாரமே கேட்டு வெச்சேன்."