சிவப்பு அட்டை மீன்

மீன் வெட்டும் கூடத்தில் அவளுக்குக் கத்தியக்கா என்று பெயர். கத்தி பிடிப்பதாலா, எடுத்ததற்கெல்லாம் கத்துவதாலா என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. அப்படிப்பட்டவள் அன்று மருத்துவரின் அறையில் வாயே திறக்கவில்லை. தங்கை மடியில் கிடந்த பத்து மாதக் குழந்தை மேலேயே கண்ணாக இருந்தாள். மருத்துவர் கிலுகிலுப்பையை ஆட்டினார். குழந்தை திரும்பவில்லை. உட்கார வைத்தால் துணிமூட்டை போலச் சரிந்தது.

இந்தப் பிள்ளைக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமா? கூடத்துக்கு ஆளுயரச் சுறாக்கள் வரும். நல்லவை பெட்டியில் அடங்கிக் கப்பலேறும். சிலவற்றின் வாலில் மட்டும் சிவப்பு அட்டை கட்டித் தனியே தள்ளிவிடுவார்கள். ஏனென்று யாரும் சொன்னதில்லை. பெட்டிக்கு அடங்காத மீன் என்று வெட்டுகிற பெண்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். "வேணும்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்பார் மேற்பார்வையாளர். அவ்வளவுதான், ஒரே தள்ளுமுள்ளு. கத்தியக்கா முன்னால் யார் நிற்க முடியும்? "என் தங்கச்சி மாசமா இருக்கா. நகரு!" நடுத்துண்டு அவள் கைக்கு வந்துவிடும்.

வாரத்தில் நாலு நாள் தங்கைக்குச் சுறா. பிள்ளை பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. தன் வீட்டுக்கு மட்டும் மத்தி, நெத்திலி. "எப்பப் பாத்தாலும் பொடி மீனா?" என்று அவள் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். "சித்திக்குத்தான்டி இப்ப சத்து வேணும். பேசாம தின்னு" என்று அதட்டுவாள்.

குழந்தைக்கு என்னவென்று பிடிபடாமல், போன வாரம் தாயின் தலைமுடி, இரத்தம் எல்லாவற்றையும் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். மருத்துவர் தாளைப் பிரித்தார்.

"உங்க உடம்புல பாதரசம் அளவுக்கு மீறி இருக்கும்மா. பெரிய மீன் நிறைய சாப்பிட்டீங்களா?"

தங்கையின் முகம் மலர்ந்தது. "ஆமா டாக்டர். எங்க அக்காதான் பொறுக்கிப் பொறுக்கிக் கொண்டு வருவா. தனக்குன்னு ஒரு துண்டு வச்சுக்க மாட்டா."



மருத்துவர் குரலைத் தாழ்த்தினார். "சின்ன மீனத் தின்னுதான் பெரிய மீன் வளருது. அதுங்க விஷமெல்லாம் இதுல சேந்துடும். உங்க வயித்துல இருக்கும்போதே குழந்தையோட மூளைக்குப் போயிருக்கு. தாய்ப்பால நிறுத்தாதீங்க, அந்த மீன நிறுத்துங்க. பயிற்சி குடுக்கலாம். எவ்வளவு தேறும்னு இப்ப சொல்ல முடியாது."

"மத்தி, நெத்திலி?" அது அக்காவின் குரலாகவே இல்லை.

"அதெல்லாம் சாப்பிடலாம்."

"நல்லாக் கழுவித்தான் குடுத்தேன் டாக்டர். நாத்தம் இல்ல, நிறம் மாறல. இருபது வருஷமா மீன் வெட்டுறேன், கெட்ட மீன் எனக்குத் தெரியாதா?"

"பாத்தா யாருக்கும் தெரியாதும்மா. கழுவினாலும் போகாது, வேக வச்சாலும் போகாது. சின்னதா சதையத் தோண்டி எடுத்து ஆய்வுக்கு அனுப்பணும். அப்பதான் தெரியும்."

அக்கா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பெரிய மீன் ஒவ்வொன்றின் முதுகிலும் விரல் நுழையும் அளவு ஒரு குழி இருக்கும். மறுநாள்தான் சிலவற்றுக்குச் சிவப்பு அட்டை விழும். தூக்குகிற கொக்கி கிழித்த காயம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். தங்கை பார்த்து முகம் சுளிக்கக் கூடாதே என்று, அந்த இடத்தை மட்டும் அழகாகச் செதுக்கிவிட்டுத்தான் கொடுப்பாள். சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தெரிந்தேதான் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறார்கள். படுபாவிகள்! அதை அடித்துப் பிடித்து வாங்கியவள் அவள்.

தங்கை குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். மருத்துவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா குடுத்த மீனுல அப்படி எதுவும் இருக்காது டாக்டர். வேற என்னமோ இருக்கு, நல்லாப் பாருங்க."

"அதுலதான்டி இருந்துச்சு" என்றாள் கத்தியக்கா.