ஏழாம் நம்பர் தொட்டி

நெப்ராஸ்காவில், சீடர் ஆற்றில், ஏழாம் நம்பர் தொட்டியில் இரண்டு மணி நேரம் மிதக்க வாடகை எண்பது டாலர். பாலம் தாண்டியதும் செத்துப்போன ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஏறிக்கொள்வாள், அவளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. தொட்டி என்றால் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் வட்டத் தகரத் தொட்டிதான். உள்ளே சுற்றிலும் பெஞ்சு போட்டு, குடும்பத்தையும் சாப்பாட்டுப் பெட்டியையும் ஏற்றித் தள்ளிவிட்டால் பம்பரமாகச் சுழன்றுகொண்டே போகும். அந்தப் பக்கத்துக் கோடை அப்படித்தான் கழிகிறது.

சிறுமி ஜனெல், தொட்டிகளின் சொந்தக்காரர் வெர்லின் கூல்மனின் ஒரே மகள். ஒரு ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினக் கூட்டத்தில், அவள் ஏறியிருந்த ஏழாம் தொட்டி பாலத்துத் தூணில் மோதிக் கவிழ்ந்தது. மற்ற பிள்ளைகள் கரையேறினார்கள். மறு கோடையே வாடிக்கையாளர்கள் வந்து சொல்ல ஆரம்பித்தார்கள்: ஆமைகளை எண்ணினாள், எங்கள் பையனுக்கு நீச்சல் தெரியாததைக் கிண்டல் செய்தாள், மணல்திட்டுத் திருப்பத்தில் இறங்கிப் போனாள். ஒமாஹா நகரத்துக்காரர் ஒருவர் பேரமே பேசினார். "கூட ஒரு உருப்படி ஏறுதே, பத்து டாலர் கொறைங்க."

"அவளுக்கு எடையே இல்லீங்க, எதுக்குக் கொறைக்கணும்?" என்றார் வெர்லின், முகம் மாறாமல்.

இருபத்திரண்டு கோடைகள் போயின. வெர்லின் தனியாக எத்தனையோ தடவை ஏறிப் பார்த்தார். அவருக்கு மட்டும் அவள் வரவில்லை. கணக்கெழுதும் மனைவி மார்லிஸ்தான் கடைசியில் சொன்னாள்: "ஓசியில ஏறினா எப்படி வருவா? அவ வாடிக்கைக்காரங்களோடதான போறா. வரிசையில நின்னு காசக் கட்டுங்க." நின்றார், கட்டினார், ரசீது வாங்கிக்கொண்டார்.

பாலம் தாண்டியதும் ஜனெல் ஈரம் சொட்டச் சொட்ட ஏறினாள். "நடுவுல உக்காருங்க தாத்தா, சாயுது பாருங்க. மொத தடவையா?"

அவர் தலையாட்டினார்.

"பயப்படாதீங்க. எல்லாம் எங்கப்பாவோட தொட்டிங்கதான். கூட்டம் கொறையட்டும், உன்கூட வரேன்னு சொல்லியிருக்காரு."

"வரலைன்னா?"

"எங்கப்பாவா?" சிரித்தாள். "உங்களுக்கு அவரத் தெரியாது, தாத்தா."

வெர்லின் நகர்ந்து நடுவில் உட்கார்ந்தார். நான்தான் உன் அப்பா என்று சொன்னால், வராமல் போனவனும் நான்தான் என்றாகிவிடும். திருப்பத்தில் அவள் கையசைத்து இறங்கினாள். மறுநாளும் வரிசையில் நின்றார். அதன்பின் ஏழாம் தொட்டியை வேறு யாருக்கும் விடவில்லை, ஊரும் கேட்கவில்லை.

கோடை முடிவில் மார்லிஸ் எழுதி மூடிய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: ஏழாம் தொட்டி, எழுபத்தோரு பயணம், ஆள் ஒன்று, ஐயாயிரத்து அறுநூற்றெண்பது டாலர், ரொக்கம். சிறுமியின் தகப்பன், இன்னும் வரவில்லை.