மாப்பிள்ளை எழுந்திருக்காத கதை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கையின் கணவர், நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுபவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னது. அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக, இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட மனிதர்களை வெளியே எடுப்பவர். சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினார். அவர் முடிப்பதற்குள் என் தலைக்குள் முதல் வாக்கியம் தயாராகிவிட்டது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"மண்டபத்தில் நூற்றைம்பது பேர் இருந்தார்கள், கோளாறு எங்கே என்று ஒரே ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது."

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பொய். எனவே வேறு இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2

மாப்பிள்ளைக்கு ஒரே மகள். பதினைந்து வயது. பள்ளி விடுமுறையில் ஒரு பொறியியல் கல்லூரி, பள்ளி மாணவர்களுக்காக ஆறு நாள் வகுப்பு நடத்தியது. அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, நாலு நாலு பேராகச் சேர்ந்து, உபயோகமான ஒரு இயந்திரத்தைச் செய்து காட்ட வேண்டும். நாற்பது பேரை எடுத்தார்கள். அதில் இவளும் ஒருத்தி.

அவளை விடுதியில் கொண்டுபோய் விட்டவர் மாப்பிள்ளைதான். ஒரு அறைக்கு எட்டுக் கட்டில், அடுக்குக் கட்டில்கள். மேல் கட்டிலின் ஏணியை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். ஒரு போல்ட் லூசாக இருந்தது. பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து முறுக்கிவிட்டுத்தான் வந்தார்.*

* தங்கை சொன்னது: "யாருண்ணா பொண்ண ஹாஸ்டல்ல விடப் போறப்ப ஸ்பேனர் எடுத்துட்டுப் போவாங்க?"

சாயங்காலம் அரை மணி நேரம்தான் போன். முதல் நாள், வீட்டுக்கு வந்துவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டாளாம். இரண்டாம் நாள் போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அப்பா, படுக்கையில இருக்கற நோயாளியத் தூக்கி நாற்காலியில உக்கார வைக்கற மெஷின் பண்றோம். மோட்டார் வேணாம்னு சொல்லிட்டேன். கையால சுத்தறதுதான்."

"ஏன் மோட்டார் வேணாம்?"

"கரண்ட் போனா பாதியில தொங்குவாங்கப்பா."

மாப்பிள்ளை போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுக் குழாயடியில் போய் முகம் கழுவினாராம்.

2 (மறுபடியும்)

இங்கே ஒரு பழைய காட்சியைச் செருகியிருந்தேன். மகளுக்கு ஏழு வயது. அப்பா அவளை வேலைக்குக் கூட்டிப்போகிறார். லிஃப்ட்டின் மேலே, இயந்திர அறையில், கப்பியையும் கயிற்றையும் காட்டி, "எது நின்னாலும் முதல்ல பாரத்த எறக்கணும், கண்ணு" என்று

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இப்படி நடக்கவே இல்லையே மச்சான்."

"கதைக்கு வேணும் மாப்பிள்ளை. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு வாசகர் கேப்பாங்க."

"அவளே யோசிச்சா. அவ்வளவுதான். அவ பண்ணினதுக்கு எனக்குப் பேரு வாங்கிக் குடுக்காதீங்க."

எடுத்துவிட்டேன். முழுதாக எடுக்க மனம் வரவில்லை என்பதால் மேலே பாதி கிடக்கிறது.]

3

ஆறாம் நாள். பெற்றோர்களை வரச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில், மூன்றாவது வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இன்ஜினியர்கள் இருக்கும் இடத்தில் அவருக்கு எப்போதுமே கை கால் வைக்க இடம் தெரியாது. கட்டடங்களில் அவர்கள் இவரை "லிஃப்ட்டு, இங்க வாப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒவ்வொரு குழுவுக்கும் பத்து நிமிடம். மகளின் குழு மூன்றாவதாக வந்தது. அவள் இடுப்பில் அளவு டேப் தொங்கியது. கூட இருந்தவர்கள் அவளை "டேப்பு" என்றே கூப்பிட்டார்கள். அலுமினியச் சட்டம், அடியில் சக்கரங்கள், மேலே ஒரு கப்பி, பக்கத்தில் கயிறு சுற்றும் உருளை, கைப்பிடி. ஆளுக்குப் பதிலாக நாற்பது கிலோ மணல் மூட்டை.

கைப்பிடியைச் சுற்றினார்கள். மூட்டை ஒரு முழம் எழும்பியது. கரக்கென்று ஒரு சத்தம். கைப்பிடி நின்றுவிட்டது.

மூட்டை விழவில்லை. பின்னால் சுழலாதபடி ஒரு பல் சக்கரம் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

மாப்பிள்ளைக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. மேல் கப்பியில் கயிறு பள்ளத்தை விட்டு நழுவி, கப்பிக்கும் அதன் பக்கத் தகட்டுக்கும் நடுவே போய்ச் சொருகியிருக்கிறது. பட்டறையிலிருந்து மண்டபத்துக்குத் தூக்கி வந்தபோது சட்டம் கொஞ்சம் கோணியிருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அவர் எழுந்து

[எழுதும்போது எனக்கே கை பரபரத்தது. அவரை எழுப்பிவிட்டால் போதும், கதை தானாக ஓடிவிடும். இன்ஜினியர்கள் வாய் பிளக்க, எண்ணெய்க் கறை படிந்த விரல்கள் கயிற்றை விடுவிக்க, மண்டபமே கை தட்ட. இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன்.

அவர் எழுந்திருக்கவில்லை.]

அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"போய்ப் பாருங்களேன்," என்றாள் தங்கை.

"இரு."

"பிள்ளைங்க முழிக்குதுங்க."

"இரு சொல்றேன்."

குழுவில் உயரமான பையன் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினான். சட்டம் முனகியது. மாப்பிள்ளைக்கு வேர்த்துவிட்டது. இன்னொரு முறை அழுத்தினால் கயிறு அறுந்துவிடும்.

"கை எடு," என்றாள் மகள். கத்தவில்லை. "யாரும் தொடாதீங்க. முதல்ல மூட்டைய எறக்கணும்."

"டைம் போகுது டேப்பு."

"போகட்டும்."

மேடையோரம் கிடந்த பெஞ்சை இழுத்து மூட்டைக்கு அடியில் தள்ளச் சொன்னாள். இரண்டு பேர் மூட்டையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்க, இடைவெளிக்கு இன்னொரு பலகை. மூட்டை அதன்மேல் உட்கார்ந்து கயிறு தொய்ந்த பிறகுதான் ஸ்டூல் போட்டு ஏறினாள். கப்பியைப் பார்த்தாள். தகட்டின் திருகைத் தளர்த்தினாள். கயிறு வெளியே வந்தது. பள்ளத்தில் உட்கார வைத்து, திருகை முடுக்கி, கோணியிருந்த சட்டத்தை டேப் வைத்து அளந்து நேராக்கினாள். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். பத்து நிமிடம் முடிந்தது.

"முடிச்சுக்கட்டுமா மேடம்?" என்று கேட்டாள். நடுவராக வந்திருந்த பெண் இன்ஜினியர் தலையசைத்தார். பதினோராவது நிமிடத்தில் மூட்டை மேலே போய், நகர்ந்து, நாற்காலியில் பூப்போல இறங்கியது.

நடுவர் கேட்டார்: "அந்தத் தம்பி பண்ணின மாதிரி கொஞ்சம் பலமா சுத்திப் பாத்திருக்கலாமே? மார்க் போயிடுச்சே."

"மெஷின்ல ஒருத்தர் இருந்திருந்தா, மேடம்?"

நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தார். விரல்கள் மரத்துப்போயிருந்தன. பக்கத்து நாற்காலிக்காரர், முன்பின் தெரியாதவர், "யாரு சார் அந்தப் பொண்ணு?" என்று கேட்டாராம்.

"எங்க பொண்ணு," என்றார் மாப்பிள்ளை. இதை என்னிடம் சொல்லும்போது மூன்று தடவை சொன்னார்.

4

பரிசு கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். நானும் முதல் பரிசு கொடுத்துத்தான் எழுதினேன். கிடைக்கவில்லை. நேரம் தாண்டியதால் மதிப்பெண்ணே போடவில்லை. தண்ணீர் வடிகட்டி செய்த குழுவுக்குக் கோப்பை போனது. இவளும் எழுந்து நின்று கை தட்டினாள். வருத்தமா என்று பிறகு கேட்டேன். "இருந்துச்சு மாமா, ரொம்பவே," என்றாள். அதை மழுப்பி எழுத விருப்பமில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு மாப்பிள்ளை அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவள் அவரிடம் வந்தாள்.

"அப்பா, பார்ட்ஸ் எல்லாம் கழட்டித் திருப்பிக் குடுக்கணும். மத்தவங்க பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. கொஞ்சம் கை குடுக்கறீங்களா?"

அப்போது எழுந்தார்.

அரை மணி நேரம் இரண்டு பேரும் மேடையில் இருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்த தங்கைக்குப் பேச்சு கேட்கவில்லை. ஒரு தடவை அவர் ஏதோ கேட்டதும், அவள் கையை ஆட்டி ஆட்டி விளக்கியதும், அவர் குனிந்து கப்பியை உற்றுப் பார்த்ததும் மட்டும் தெரிந்தது. என்ன பேசினீர்கள் என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். "வேலப் பேச்சு மச்சான்," என்றார். அவளைக் கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது மாமா," என்றாள்.

உண்மைதான். எனக்குப் புரியாது. ஆகவே அந்த உரையாடலை நான் எழுதப் போவதில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: அவர் வாயில் அறிவுரை எதையும் வைக்காதீர்கள். சட்டத்தைத் தாங்கிப் பிடித்திருந்தவர் அவர். ஸ்பேனர் அவள் கையில் இருந்தது.