பிறந்த வீட்டுக் கோடி

ஃப்ரீசர் பெட்டியின் வயர் பிளக் வரைக்கும் எட்டவில்லை. லிங்கராஜ் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தேடி வீடெல்லாம் அலைந்துவிட்டு, கடைசியில் அம்மாவின் எழுது மேஜைக்கு அடியிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்தான். மேஜை விளக்கு அணைந்தது. அம்மா தூங்கும் நேரம் தவிர அணையாத விளக்கு அது. விடியற்காலையில் அம்மா போனதிலிருந்து கல் மாதிரி இருந்த மகள் இந்துமதி, அப்போதுதான் அந்த மேஜையை நோக்கி ஓர் அடி வைத்தாள். அதற்குள் தளவாய் சித்தப்பா எதிரே வந்து நின்றார்.

பிறந்த வீட்டுக் கோடிக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டார். கேட்டுவிட்டு, ஏற்பாட்டையும் அவரே சொன்னார். அவருக்கு எதிலும் கேள்வியும் பதிலும் ஒன்றாகவே கிளம்பும். ஓட்டப்பிடாரத்தில் வன்னியபெருமாள் என்று ஒருவர் இருக்கிறார், தூரத்துச் சொந்தம், அண்ணன் முறையில் நிற்பார், சேலையோடு பஸ் ஏறியாகிவிட்டது. நாலு மணிக்கு எடுத்துவிடலாம்.

செத்த பெண்ணைக் குளிப்பாட்டியதும் மேலே விழுகிற முதல் துணி அவள் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். புகுந்த வீட்டார் பட்டே எடுத்திருந்தாலும் அதற்கு அப்புறம்தான். அந்தத் துணி வராத உடம்பை எடுப்பதில்லை. ஆனால் அம்மாவுக்கு, நாவலாசிரியை சுடலைமாடத்திக்கு, பிறந்த வீடு என்று ஒன்று இல்லை. அவள் பிறந்தது கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில். அந்தக் கடையே இப்போது இருக்கிறதோ என்னவோ.

லிங்கராஜ் போனைக் காதில் வைத்தபடியே சரி சரி என்று தலையாட்டினான். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்ட். எந்தச் சரக்கும் தேங்காமல் வெளியேறினால் போதும் அவனுக்கு.

"அம்மா அத வேண்டாம்னு சொல்லிருக்காங்க" என்றாள் இந்துமதி.

போன வாரம்தான் சொன்னாள். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது ஸ்பூனைக் கையால் தள்ளிவிட்டு, கோடி பிளாரன்ஸ் வீட்டிலிருந்துதான் வர வேண்டும், வராவிட்டால் வேண்டாம், நடிக்க ஆள் பிடித்துவிடாதே என்று தெளிவாகச் சொன்னாள். அப்படியானால் சித்தியை வந்து பார்க்கச் சொல்லட்டுமா என்று இந்துமதி கேட்டாள். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தொண்ணூறு வயதிலும் அந்த வீம்பு மட்டும் மெலியவில்லை.

"பிளாரன்ஸ் சித்தி வீட்டுக்கும் நான் வாட்ஸப்ல போட்டாச்சு. பெவின் பாத்துட்டான், ரெண்டு டிக்கும் நீலமாயிட்டு. வாரதா இருந்தா இதுக்குள்ள வந்துருப்பாங்க" என்றான் லிங்கராஜ்.

வராததற்கு அவர்களிடம் காரணம் இருந்தது. அம்மா எழுதிய ஒரே ஒரு வரி.

அம்மா அலமாரி நிறைய நாவல்கள் எழுதினாள். முதல் நாவலின்போதே, சுடலைமாடத்தி என்றால் யார் வாங்குவார்கள், நல்ல பெயராக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சென்னைப் பதிப்பாளர் எழுதினார். கொழும்பிலிருந்து நான் கொண்டுவந்த சொத்து இந்தப் பெயர் ஒன்றுதான் என்று பதில் போட்டாள். எழுபத்தைந்தாம் வயதில் தன் கதையை எழுத உட்கார்ந்தபோது யாரையும் விட்டுவைக்கவில்லை. லிங்கராஜ் எட்டாம் வகுப்பில் பெயிலாகிப் பரணில் ஒளிந்துகொண்டது, அப்பா கடையில் சீனி நிறுக்கும்போது தட்டில் படுகிற கட்டைவிரல், எல்லாம் அச்சில் வந்தன. லிங்கராஜ் ஒரு மாதம் சிநேகிதர்கள் கண்ணில் படாமல் திரிந்தான். கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தவள் இந்துமதி. தன்னைப் பற்றிய பக்கங்களை மட்டும் அவள் வேகமாக அடித்தாள்.

ஆனால் புத்தகத்தின் உயிர் முதல் பாதிதான். ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. சரக்கெடுக்கத் துறைமுகத்துக்குப் போன தகப்பனார் திரும்பவில்லை. தாய்க்காரி கடையைக்கூடப் பூட்டாமல் ஏழு வயது மகளை இழுத்துக்கொண்டு தூத்துக்குடித் தோணி ஒன்றில் ஏறினாள். ஏறும்போதே அவளுக்குக் காய்ச்சல். நடுக்கடலில் காற்று விழுந்துவிட்டது. பாய்மரத் தோணி நின்ற இடத்திலேயே நின்றது. கரை தெரியும் முன்னே அவள் போய்விட்டாள்.

தோணியை நடத்தி வந்த தண்டல் கஸ்பார், சிறுமியைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையிறங்கினார். எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்டவர்களிடம் அவள் "நம்ம ஊரு" என்றாள். அவள் அப்பா வீட்டில் அப்படித்தான் சொல்வார். அந்த ஊருக்கு வேறொரு பெயர் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கஸ்பார் தண்டல் பனங்காட்டு ஊர்களில் அலைந்து விசாரித்தார். சுடலைமாடன் கோயில் இல்லாத ஊரும் இல்லை, பிள்ளையைக் கேட்டு வந்த ஊரும் இல்லை. அவர் வீட்டிலேயே வளர்ந்தாள். மாதா கோயில் மணியில் கண் விழிக்கிற வீடுதான். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் அவளைச் சுடலைமாடன் கோயிலுக்குக் கூட்டிப் போய், அவள் கும்பிட்டு வரும்வரை வெளியே பீடி குடித்துக்கொண்டு நிற்பார். என்றைக்காவது ஊர்க்காரர்கள் வந்தால், கொடுத்தபடி திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்பாராம். மளிகைக்கடைக்காரருக்கு அவளைக் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். தண்டலின் கடைசி மகள் பிளாரன்ஸ். சுடலைமாடத்தியின் இடுப்பிலேயே வளர்ந்தவள்.

இவ்வளவும் புத்தகத்தில் இருந்தது. படித்தவர்கள் கஸ்பார் தண்டலை நினைத்து அழுதார்கள். கூடவே இந்த வரியும் இருந்தது: 'கோடித் துணிகூட இல்லாமல் என் அம்மாவைக் கடலில் விட்டார்கள்.'

பிளாரன்ஸ் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். காற்றில்லாத கடலில், தோணிக்கு இருந்த இரண்டு பாயில் சின்னப் பாயைக் கிழித்து அதில் சுற்றித்தான் அப்பா அந்த அம்மாவை இறக்கினார், அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவர் செத்தார் என்றாள். நான் பார்த்ததைத்தான் எழுதினேன் என்றாள் அம்மா. "ஏழு வயசுல நீ என்னத்தக்கா பாத்த?" என்று கேட்டுவிட்டு பிளாரன்ஸ் படியிறங்கினாள். இரண்டாம் பதிப்பு வந்தது, மூன்றாம் பதிப்பு வந்தது. வரி மாறவில்லை. கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து கேக் வருவதும், பொங்கலுக்கு இங்கிருந்து பனங்கிழங்கு போவதும் நின்றன.

இந்துமதி பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் அம்மா, பிடித்த பிடியை விடாத முகத்தோடு படுத்திருந்தாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அப்பா இறந்தபோது ஊருக்கெல்லாம் போனில் சொன்ன அம்மா, கஸ்பார் தண்டல் வீட்டுக்கு மட்டும் லிங்கராஜை நேரில் போய்ச் சொல்ல அனுப்பினாள். பிறந்த வீட்டுக்குச் சாவை ஆள் போய்ச் சொல்ல வேண்டும். இவர்கள் வாட்ஸப்பில் போட்டுவிட்டு, நீல டிக்கைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

"நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்."

அம்மையைப் போட்டுவிட்டு மகள் வெளியே போவதாவது என்று பெண்கள் பக்கம் சலசலப்பு கிளம்பியது. லிங்கராஜ் அவளையே பார்த்தான். போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"போயிட்டு வா. ஓட்டப்பிடாரத்து ஆள நான் பாத்துக்கிடுதேன்" என்றான்.

ஆட்டோ உப்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது. இந்துமதிக்குப் பயமாகத்தான் இருந்தது. முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டால் அம்மா துணியில்லாமல்தான் போவாள். அல்லது ஒரு பொய்த் துணியோடு போவாள். இரண்டில் எது மோசம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிளாரன்ஸ் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. முன்னறையில் வாசலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். குளித்து, நரைத்த தலையைப் படிய வாரி, கஞ்சி போட்ட சேலை கட்டியிருந்தாள். மடியில் ஒரு துணிக்கடைப் பை. அவள் மகன் பெவின் சுவரோரம் நின்றிருந்தான். சாவு சொல்ல வந்தவர் உட்காரக் கூடாது. இந்துமதி வாசலிலேயே நின்றாள்.

"சித்தி, அம்மா காலையில தவறிட்டாங்க."

பிளாரன்ஸ் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தாள்.

"மெசேஜ் ஊருக்கெல்லாம் போடுதது ஏளா. பொறந்த வீட்டுக்கு ஆள்லா வரணும்" என்றாள். குரல் கோபமாகத்தான் ஆரம்பித்தது. "விடிஞ்சதுலேர்ந்து குளிச்சிட்டு உக்காந்திருக்கேன். சொல்லாமலே எடுத்துருவியளோன்னு..."

இந்துமதி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, காலையிலிருந்து வராத அழுகையை அங்கே நின்று அழுதாள். பிளாரன்ஸ் எழுந்து வந்து அவள் முதுகில் கை வைத்தாள்.

ஆட்டோவில் திரும்பும்போது, கஷ்டப்பட்டாளா என்று பிளாரன்ஸ் கேட்டாள். தூக்கத்திலேயே போய்விட்டதாக இந்துமதி சொன்னாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "என்னையக் கேட்டாளா?" என்றாள்.

"கோடி உங்க வீட்லேர்ந்துதான் வரணும்னாங்க. இல்லன்னா வேண்டாம்னாங்க."

"வந்து பாக்கச் சொல்லலயா?"

பொய் சொல்லியிருக்கலாம். செத்தவளைக் கேட்டு யாரும் உறுதி செய்துகொள்ளப் போவதில்லை. "இல்ல சித்தி" என்றாள் இந்துமதி.

"சொல்ல மாட்டா" என்றாள் பிளாரன்ஸ். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்ததுபோல் இந்துமதிக்குப் பட்டது.

வீட்டில் வன்னியபெருமாள் மடியில் சேலைப் பையோடு மூன்றாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். லிங்கராஜ் அவரிடம் வெங்காய விலை பேசிக்கொண்டிருந்தான். பிளாரன்ஸ் பையோடு இறங்குவதைப் பார்த்ததும் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். தளவாய் சித்தப்பா அவனைத் தனியே இழுத்து, கிறிஸ்தவ வேதக்காரர்கள் கோடி போடுவது முறைதானா என்று கேட்டார்.

"சித்தப்பா, எங்கம்மைக்குப் பொறந்த வீடு இவங்கதான்" என்றான் லிங்கராஜ். கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னான். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அப்படியானால் நேரமாகிறது என்றார். வன்னியபெருமாள் நல்ல மனிதர். தன் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்து, குளிப்பாட்டி முடித்தார்கள். பிளாரன்ஸ் பையிலிருந்து தடித்த வெள்ளைச் சேலையை எடுத்தாள். முதலில் அதன் ஓரத்தைப் பல்லால் கடித்து, ஒரு முழம் கிழித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். யாருக்கும் விளங்கவில்லை. பிறகு குனிந்து அம்மாவின் காலைத் தூக்கினாள். மேலே விரித்தால் போதும் என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்.

"இது எங்கப்பா போட்ட மொற" என்றாள் பிளாரன்ஸ்.

இந்துமதியைத் தலைமாட்டில் பிடிக்கச் சொன்னாள். சேலையைக் காலுக்கு அடியில் கொடுத்து மேலே வாங்கி, உடம்பைச் சுற்றி, தோளில் மடித்து, மறுபடி இறக்கிச் சுற்றினாள். இறுக்கமாக, ஆனால் வலித்துவிடக் கூடாது என்பதுபோல் ஒவ்வொரு சுற்றையும் தடவிவிட்டுச் சுற்றினாள். மூட்டுவலிக்காரி, இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். கால்மாட்டில் நுனியை இரண்டாகப் பிரித்து, குறுக்கே கொடுத்து ஒரு முடிச்சுப் போட்டாள். அந்த வீட்டுப் பெண்கள் யாரும் பார்த்திராத முடிச்சு.

இந்துமதி தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். கோடித் துணிகூட இல்லாமல் என்ற வரிக்கு முந்தின வரி அவளுக்கு நினைவு வந்தது. அதையும் அவள்தான் அடித்தாள். 'யாரோ என் முகத்தைத் தன் மார்போடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார்கள். பீடி நாற்றத்தைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.' இரண்டு வரிகளும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருந்தன. எழுதியவளும் சேர்த்துப் பார்க்கவில்லை, அடித்தவளும் பார்க்கவில்லை. அம்மாவின் அம்மா எப்படிப் போனாள் என்பதை இந்துமதி இப்போது பார்த்துவிட்டாள். அதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. காதுக்குப் பக்கத்தில்தான் குனிந்திருந்தாள். ஈரத் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஆண்கள் திரும்பினார்கள். லிங்கராஜ் மொட்டைத் தலையோடு படியில் உட்கார்ந்தான். பிளாரன்ஸ் இன்னும் போகவில்லை. இந்துமதி கொடுத்த காபியை ஊதிக்கொண்டிருந்தாள்.

"சிதையில வைக்கும்போது கட்டெல்லாம் அவுக்கணும்லா. கால்மாட்டு முடிச்சு மட்டும் அவிழல சித்தி. கத்தியால அறுக்கட்டுமான்னு சுடுகாட்டு ஆளு கேட்டான். விட்டுருன்னுட்டேன்" என்றான்.

"அவிழாது" என்றாள் பிளாரன்ஸ்.

மறுநாள் காலையில் அஸ்தியை ஆத்தூருக்குக் கொண்டுபோய் ஆற்றில் கரைப்பதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார். அதை லிங்கராஜ் சொன்னதும் பிளாரன்ஸ் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஆறு வேண்டாம்லே. பெவின் கூட்டாளிட்ட ஒரு போட்டு இருக்கு, கடலுக்குக் கொண்டு போங்க. அவ அம்மை எறங்குன எடம் எதுன்னு இப்ப யாருக்குத் தெரியும். போவ முடிஞ்ச மட்டும் போங்க."

லிங்கராஜ் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான். பிளாரன்ஸ் பையைத் துழாவி, மதியம் கிழித்த அந்த ஒரு முழத் துணியை எடுத்து இந்துமதியின் கையில் வைத்தாள்.

"கலயத்து வாயக் கட்டணும்லா. மறந்துராத."

அவளைப் பெவின் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு இந்துமதி உள்ளே வந்தாள். ஃப்ரீசர் பெட்டி போயிருந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கொண்டுபோய் மேஜைக்கடியில் மாட்டினாள். விளக்கு எரிந்தது. கையிலிருந்த துணி வியர்வையில் கசங்கியிருந்ததால், காயட்டும் என்று அதன் இரண்டு முனைகளையும் மேஜைக்கு மேலிருந்த ஜன்னல் கம்பியில் கட்டினாள். அந்நேரத்துக்குக் கடல்காற்று திரும்பியிருந்தது. துணி உப்பியது, அடங்கியது, மறுபடி உப்பி அப்படியே நின்றது.