அணைத்து வைத்த எச்சரிக்கை

இரண்டு மாதமாகவே மெக்கானிக்குக்கு அந்தப் பெட்டியோடுதான் மல்லுக்கட்டு. விமானம் மலையில் மோதிவிடாமல் முன்கூட்டியே குரல் கொடுக்கும் பெட்டி அது. நடுவானத்தில் பறக்கும்போது, முன்னால் வரும் மலைக்கு மேலே விமானத்துக்கு எழுநூறு அடி இடைவெளி இல்லையென்றால் கத்தும். ஓடுதளத்தை நெருங்க நெருங்க அந்த எழுநூறைத் தானே ஐந்நூறு, முந்நூறு என்று தளர்த்திக்கொள்ளும். இறங்குகிற விமானம் தரையை நெருங்கத்தானே செய்யும்? ஆனால் ஓடுதளம் எங்கே இருக்கிறதென்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மலைக்கு அந்தப்புறம் புதிதாகத் திறந்த ஓடுதளம் அதன் நினைவில் இல்லை. அதைப் பொறுத்தவரை அங்கே இருப்பது வெறும் நிலம். அதனால் விமானம் ஒழுங்காக இறங்கும்போதெல்லாம், "டெரெய்ன்! புல் அப்!" என்று, தரை வருகிறது, மேலே தூக்கு என்று, தொண்டை கிழியக் கத்தியது.

ஓட்டியவர் வேறு யாருமில்லை, மெக்கானிக்கின் தங்கை புருஷன்.

"மச்சான், உங்க பெட்டி என் காதைச் செவிடாக்கிடும். பயணிங்களுக்கே கேக்குது. இது வாயை மூட வழி இருக்கா இல்லையா?"

வழி இருந்தது. சிவப்பு மூடிக்குள் ஒரு சுவிட்ச். அதைக் காட்டியவர் மெக்கானிக்தான். "ஓடுதளம் கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகு மட்டும் அமுக்குங்க, மாப்ளே" என்றும் சொல்லிவைத்தார்.

பெட்டியில் செருக, புதிய ஓடுதளம் பதிந்த நினைவு அட்டை கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு நாலு தடவை போன் போட்டார். நாலு தடவையும், "அடுத்த மாசம் வந்துடும் சார்."

வாரத்துக்கு ஒருமுறை பெட்டியின் பதிவை இறக்கிப் பார்ப்பது அவர் வேலை. முதல் வாரம் ஓடுதளத்துக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் சுவிட்ச் அமுக்கப்பட்டிருந்தது. பிறகு பத்து. போன வாரம், மலையைத் தாண்டும் முன்பே.

"கைப்பழக்கம் மச்சான்" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

அன்று மதியம் மழை பிடித்துக்கொண்டது. விமானக் கொட்டகை ரேடியோவில் மாப்பிள்ளையின் குரல் வந்தது: மேகத்துக்குள் இருக்கிறோம், இறங்கத் தொடங்குகிறோம். மெக்கானிக்குக்குப் போன வாரப் பதிவு நினைவு வந்தது. அந்த ரேடியோவில் கேட்க மட்டும்தான் முடியும், பேச முடியாது. மழையில் நனைந்துகொண்டே விமானங்களோடு ரேடியோவில் பேசும் இயக்க அதிகாரியின் அறைக்கு ஓடினார்.

"பெட்டியைத் திரும்பப் போடச் சொல்லுங்க சார், சுவிட்சை அமுக்கியிருப்பாரு!"

"இறங்குற நேரத்துல போய்ப் பேசி அவர் கவனத்தைக் கலைக்கவா? போய்யா."

அங்கேயே நின்றார். ரேடியோ இரைந்தது. நாலு நிமிடம் கழித்து, "தரையிறங்கியாச்சு" என்று சாதாரணமாக ஒரு குரல்.

மாலையில் விமானம் திரும்பி வந்தது. சக்கரத்தைப் பார்க்கக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சக்கரக் கம்பிக்கும் குழாய்க்கும் இடையே, இலையோடு ஒரு முழ நீளக் கிளை. இரண்டு ஓடுதளங்களைச் சுற்றியும் மரமே கிடையாது. மலை உச்சியில்தான் உண்டு.

மாப்பிள்ளை கிளையைக் கையில் வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி ஒரே கேள்வி கேட்டார். "சேதம் ஏதாவது?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? எழுதிக் குடுங்க, மேலே அனுப்புறேன்."

வீட்டுக்குப் போனதும் தங்கை போனில் அழைத்தாள். "அண்ணா, அவர் வந்ததிலிருந்து சுவரையே பாத்துக்கிட்டு இருக்காரு. என்ன ஆச்சு?"

"களைப்பா இருக்கும்மா" என்றார்.

இரண்டு நாள் விமானத்தை அங்குலம் அங்குலமாகச் சோதித்தார். பழுது எதுவும் இல்லை. பறக்கலாம் என்று கையெழுத்துப் போடாமல் நிறுத்திவைக்கக் காரணமும் இல்லை. அட்டையும் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை மாப்பிள்ளை விமானப் படியேறப் போனவர் திரும்பி வந்தார்.

"இனிமே சுவிட்சைத் தொடமாட்டேன் மச்சான். சத்தியமா. ஆனா ஒண்ணு கேக்குறேன். அது தினமும்தான் கத்துது. நிஜமா கத்துற அன்னிக்கு எனக்கு எப்படித் தெரியும்?"

மெக்கானிக் போனை எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு ஐந்தாவது தடவையாக எண்ணை அழுத்தினார். மாப்பிள்ளை அவர் தோளைத் தட்டிவிட்டுப் படியேறினார்.