வள்ளப்போட்டியில் ஒரு குதிரை

அந்த வருடம் தென்மேற்குச் சோளகக் காற்று யாருடைய பேச்சையும் கேட்பதாக இல்லை. தேவாலயப் பெருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் பங்குச் சுவாமி இறங்குதுறைவரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்து, வள்ளப்போட்டி நடக்காது என்று சொல்லிவிட்டார். ஊர்காவற்றுறை முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. போட்டிக்கென்றே வேளையோடு வந்து சேர்ந்திருந்த நெடுந்தீவாரின் பாடு இன்னும் மோசம். போட்டியும் இல்லை, திரும்பிப் போக லோஞ்சுப் படகும் இல்லை.

பத்திநாதரின் மகள் மேரிஜோசப்பின் மட்டும் செய்தி கேட்ட கையோடு தமையன் லியோனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி, சுவாமியின் வீட்டுக்கு விடச் சொன்னாள்.

"சுவாமி, போட்டியைக் கோயில் மண்டபத்துக்குள்ளை வைப்பம்."

"மண்டபத்துக்குள்ளை தண்ணி இல்லையே, பிள்ளை?"

"தண்ணி வேண்டாம். ஒரு டீவி இருந்தால் போதும்."

அவள் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எண்பத்திரண்டாம் ஆண்டு ஆடி விடுமுறைக்கு வந்தபோது, பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே சுற்றி ஒரு சின்னக் கணினியைக் கொண்டுவந்திருந்தாள். புத்தகமளவுதான் இருக்கும். டீவியோடு பொருத்தினால் படம் காட்டும். எழுதிய நிரலை ரேடியோ கசெற்றில் பதிந்து வைக்கும். தகப்பன் பத்திநாதர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "உது பாடுமோ?" என்று கேட்டார். பாடாது என்றதும் திருப்பிக் கொடுத்துவிட்டு வலை பொத்தப் போய்விட்டார். மகளின் படிப்பைப் பற்றி அவர் அதற்குமேல் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தெரியவில்லையோ, கேட்க விருப்பமில்லையோ என்று அவளுக்கு விளங்கியதே இல்லை.

மறுநாள், பெருநாளன்று காலை, ஜோசப்பின் சொல்லியனுப்பியபடி வேலணையிலிருந்து இராசேஸ்வரி டீவியோடு வந்து இறங்கினாள். பேராதனையில் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்து கணிதம் படித்தவர்கள். இப்போது அவள் வேலணையில் கணித ஆசிரியை. பஸ்ஸில் டீவியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்திருந்தாள்.

"டிரைவர் சிவபாதமண்ணை இதுக்கும் ரிக்கற் கேட்டவர். கைக்குழந்தை எண்டு சொல்லிப்போட்டன்," என்றபடி டீவியை மண்டபத்து மேசையில் இறக்கினாள். "எங்கை, உன்ரை கடலைக் காட்டு பாப்பம்."

திரையில் நீலக் கடல் விரிந்தது. இடது கரையில் ஒரு பாய்வள்ளம், ஒரு தோணி, ஒரு கட்டுமரம். ஜோசப்பின் ஒரு விசையைத் தட்டினாள். பாய்வள்ளம் ஓர் அங்குலம் நகர்ந்து நின்றது. நெடுநேரம் யோசித்தபின் தோணி நகர்ந்தது. பிறகு கட்டுமரம்.

"நங்கூரத்தைத் தூக்க மறந்துபோனியோடி?" என்றாள் இராசேஸ்வரி.

ஜோசப்பினுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இரண்டு வருடமாக அவளை வாட்டிக்கொண்டிருந்த சிக்கல் அதுதான். இந்த நிரல் அவளே உருவாக்கிய ஒரு கணினி மொழியில் எழுதியது. அதன் நடுவே ஒரேயொரு வரி இருந்தது: நிற்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு 'ஓடு' என்று சொல். எதிரே நிற்பது தோணியா கட்டுமரமா என்று அந்த வரிக்குத் தெரியாது. தெரியவும் தேவையில்லை. பாய்வள்ளத்துக்கு ஓடுவதென்றால் காற்றைப் பார்த்து ஓடுவது. தோணிக்குத் துடுப்புத் தண்டு வலிப்பவனின் மூச்சைப் பார்த்து ஓடுவது. கட்டுமரத்துக்கு அலையோடு ஏறி இறங்குவது. யாருடைய 'ஓடு' எந்த வழிமுறை என்பதை நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தேடிப்பிடித்து இணைக்க வேண்டும். அந்தத் தேடல்தான் கணினியின் காலைப் பிடித்து இழுத்தது. ஒவ்வொரு அசைவுக்கும் அது பெயர் அட்டவணையை முதலிலிருந்து துழாவியது.

"எல்லாத்தையும் ஓட முன்னமே பொருத்திவிட்டால் என்ன?" என்று கேட்டாள் இராசேஸ்வரி.

"என்ரை பேராசிரியரும் அதைத்தான் சொல்லுறார். அப்பிடிச் செய்தால் வேகம்தான். ஆனால் பேந்து புதுசா ஒருத்தர் வந்தால் எல்லாத்தையும் நிப்பாட்டி, அவிட்டு, திருப்பிக் கட்டவேணும். ஓடிக்கொண்டிருக்கேக்கை ஆர் வந்தாலும் சேரக்கூடியதா இருக்கவேணும். அதுதானேடி எனக்கு ஆசை."

அவள் பேச்சை நிறுத்தித் திரையைப் பார்த்தாள். பாய்வள்ளம் இப்போதுதான் இரண்டாவது அங்குலத்துக்கு மனம்வைத்திருந்தது. ஒருமுறை தேடிக் கண்டுபிடித்ததை ஏன் திரும்பத் திரும்பத் தேட வேண்டும்? அட்டவணையில் இல்லாமல் கூப்பிடும் வரியிலேயே ஓர் இடத்தை வெறுமையாக விட்டு, கண்டுபிடித்த வழியை அதிலேயே எழுதிவிட்டால்? அடுத்தமுறை நேரே பாயலாம்.

"இராசம், பேப்பர் எடு!"

மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து இருவரும் உட்கார்ந்தார்கள். ஜோசப்பின் கணக்குப் பார்த்து எழுத, இராசேஸ்வரி எண்களை வாசிக்க, ஜோசப்பினே விசைகளைத் தட்டினாள். முடிக்கவும் பெருநாள் கூட்டம் மண்டபத்துக்குள் நுழையவும் சரியாக இருந்தது. பரீட்சித்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. சுவாமி முன்வரிசைக் கதிரையில் வந்து அமர்ந்தார். பரிசுக்கு வைத்திருந்த கப்பல் வாழைப்பழக் குலையை மேசைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். லியோனும் அவனோடு தண்டு வலிக்கும் பொடியளும் தோணிக்குச் சத்தம் போட்டார்கள். நெடுந்தீவார் தாங்கள் பாய்வள்ளத்தின் பக்கம் என்று அறிவித்தார்கள். பத்திநாதர் கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்து நின்றார்.

ஜோசப்பின் விசையைத் தட்டினாள்.

பாய்வள்ளம் சிட்டாய்ப் பறந்தது. மண்டபம் ஓவென்று எழுந்தது. அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது, அவ்வளவு வேகம்! ஆனால் தோணியும் அதே வேகத்தில் பறந்தது. கட்டுமரமும் பறந்தது. மூன்றும் ஒரு நூல் பிசகாமல் பக்கத்தில் பக்கமாகப் போய் ஒரே நேரத்தில் கரையேறின.

பிறகு யாரோ கத்தினார்கள்: "மூண்டையும் ஒரே கயித்திலை கட்டியெல்லோ இழுத்திருக்கினம்!"

கூரை அதிரச் சிரிப்பு. ஜோசப்பினின் காது சூடானது. கையில் இருந்த தாள்களைப் புரட்டினாள். எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. கடலில் ஒரு வள்ளத்திலிருந்து மறு வள்ளத்துக்குக் கேட்கிற குரல். பத்திநாதர் நாட்டுக்கூத்தில் ராசாவாக வரும்போது பாடுகிற வரவுப் பாட்டைத் தொடங்கியிருந்தார். பாடிக்கொண்டே, ராசநடை நடந்து, வரிசைகளுக்கு நடுவே முன்னுக்கு வந்தார். கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. மகளைக் கடக்கும்போது அவர் பாட்டை விடாமலே குனிந்து, ஒரு அடிக்கும் மறு அடிக்கும் இடையில், "நீ ஆறுதலாச் செய் மோனை. இது நீளமான பாட்டு," என்றார்.

அவள் தாள்களை மேசையில் விரித்தாள். எழுத்துகள் இப்போது கண்ணில் நின்றன.

"இராசம், விளங்கிட்டுது. வழியை மட்டும் எழுதி வைச்சிருக்கிறன். அது ஆரின்ரை வழியெண்டு எழுதேல்லை. முதல்லை வந்தது பாய்வள்ளம். பேந்து வந்தவைக்கும் அதின்ரை வழியையே குடுத்திட்டுது."

"அப்ப வழிக்குப் பக்கத்திலை வகையையும் எழுது. வாறது அதே வகையோ எண்டு பார்த்திட்டுப் பாயட்டும். இல்லாட்டித் தேடட்டும்."

"ஓம், அதுதான்." அவள் எழுதத் தொடங்கினாள். இராசேஸ்வரி அவளுடைய கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் பொறு. ஒருத்தருக்குத்தானே இடம் வைச்சிருக்கிறாய்? மூண்டு பேரும் மாறி மாறியெல்லோ வருகினம். தோணி வந்து பாய்வள்ளத்தை அழிக்கும், கட்டுமரம் வந்து தோணியை அழிக்கும். பழையபடி தேடிக்கொண்டுதான் நிக்கும்."

ஜோசப்பின் அவளை அப்படியே கட்டிக்கொண்டாள். மேடையில் ராசா தன் நாட்டு வளத்தைப் பாடிக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து தாய் செபஸ்தியம்மா, தன் புருசனுக்கு இன்று என்ன வந்தது என்பதுபோல் வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப அழிக்காமல் சேர்த்துக்கொண்டு போவம்," என்றாள் ஜோசப்பின். "சங்கிலி மாதிரி. புது வகை ஒண்டு வந்தால் ஒருதரம் தேடி, ஒரு கண்ணியைக் கொழுவிவிடுறது. அடுத்தமுறை அது தன்ரை கண்ணியிலை போய் நேரே பாயும்."

இராசேஸ்வரி எண்களை வாசித்தாள். ஜோசப்பின் தட்டினாள். இந்த முறை ஒவ்வொரு வரியையும் இரண்டு பேரும் மாறி மாறிச் சரி பார்த்தார்கள். ராசா மந்திரியை அழைக்கும் இடம் வந்தபோது லியோனே மந்திரியாக எழும்பிப் பதில் பாட, மண்டபம் தாளம் போட்டது. பாட்டு முடிந்து பத்திநாதர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள்.

இந்த முறை பாய்வள்ளம் காற்று விழும் இடங்களில் சோர்ந்து, எழும் இடங்களில் சீறியது. தோணி தொடக்கத்தில் முந்தி, நடுக்கடலில் மூச்சு வாங்கியது. கட்டுமரம் அலையில் ஏறி ஏறி விழுந்தது. மூன்றும் மூன்று விதம், மூன்றும் வேகம். முன்வரிசையில் இருந்த சுவாமி தம்மை மறந்து, "வலியுங்கோடா!" என்று கத்திவிட்டுப் பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். தோணி ஒரு முழத்தில் வென்றது. லியோனின் கூட்டாளிகள் வாழைக்குலையில் கைவைக்கப் போனார்கள்.

"நில்லுங்கோ, நில்லுங்கோ!" நெடுந்தீவார் நடுவிலிருந்து ஏரம்பு என்ற தடித்த மனிதர் எழும்பினார். "எங்கடை ஊரிலை தோணியை நம்பி ஆர் இருக்கினம்? எங்களிட்டைக் குதிரை இருக்கு. எங்கடை குதிரை ஓடேல்லை. குதிரை ஓடாத போட்டி என்ன போட்டி?"

"கடலிலை குதிரைக்கு என்ன சோலி?" என்று ஊர்காவற்றுறை பதிலுக்குக் கத்தியது.

பகிடிக்குச் சொன்னதுதான். ஆனால் ஜோசப்பின் எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணை, உங்கடை குதிரை எப்பிடி ஓடும்?"

ஏரம்பு கைகளால் மடியில் தட்டிக் காட்டினார். "பாய்ஞ்சு பாய்ஞ்சு ஓடும். இடைக்கிடை நிண்டு புல்லு மேயும்."

"சரி. போட்டியைத் திருப்பி விடுறன். குதிரை பேந்து வந்து சேரும்."

"நிப்பாட்டாமலோ?" என்று மெல்லக் கேட்டாள் இராசேஸ்வரி.

"நிப்பாட்டாமல்."

மூன்று வள்ளங்களும் மறுபடி புறப்பட்டன. திரையின் அடியில் ஒரு வரி எழுத இடம் இருந்தது. வள்ளங்கள் ஓட ஓட, அவள் அதில் புதிய வகையொன்றை அடித்தாள். ஆங்கில எழுத்துகளைத்தான் அந்தக் கணினி அறியும். சொல் என்னவோ குதிரைதான். சதுரங்களை அடுக்கி நாலு கால், ஒரு வால். பிறகு அதற்கென்று ஒரு 'ஓடு': மூன்று பாய்ச்சல், ஒரு மேய்ச்சல். அவளுடைய விரல்களையும் திரையையும் மாறி மாறிப் பார்த்த கூட்டம் மூச்சுவிடவில்லை. தோணி பாதிக் கடலைத் தாண்டியபோது கரையில் குதிரை தோன்றியது.

அது அசையவில்லை. ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று மண்டபத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அழைப்பு வந்து, மூன்று கண்ணிகளிலும் தன் வகையைக் காணாமல், அட்டவணையில் தேடி, குதிரையின் வழியைக் கண்டு, நாலாவது கண்ணியாகக் கொழுவிக்கொண்டிருந்தது. ஜோசப்பின் இராசேஸ்வரியின் விரல்களை நசுக்கினாள்.

குதிரை பாய்ந்தது. கடல்மேல் நாலுகால் பாய்ச்சலில் கட்டுமரத்தைத் தாண்டியது. நின்று மேய்ந்தது. "மேயாதை! ஓடு, ஓடு!" என்று நெடுந்தீவு முழுவதும் கதிரைகளில் ஏறி நின்று கத்தியது. மறுபடி பாய்ந்து பாய்வள்ளத்தைத் தாண்டியது. தோணிக்கு இன்னும் ஒரு சாண் இருக்கையில் கடைசிப் பாய்ச்சலில் கரையேறியது.

அதற்குப் பிறகு யார் யாரைத் தூக்கினார்கள் என்று சொல்ல முடியாது. ஏரம்பு சுவாமியையே தூக்கப் போனார் என்று சொல்வார்கள். கடலில் குதிரை செல்லுமா செல்லாதா என்ற வழக்கைச் சுவாமி விசாரித்து, போட்டிக்கு யார் வரலாம் என்று முன்கூட்டி ஒருவரும் விதி எழுதாதபடியால் குதிரை வென்றது வென்றதுதான் என்று தீர்ப்புச் சொன்னார். நெடுந்தீவார் குலையை வாங்கி, அங்கேயே சீப்புச் சீப்பாகப் பிய்த்து எல்லோருக்கும் எறிந்தார்கள்.

பத்திநாதர் ஒரு பழத்தோடு வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றார். திரையைக் காட்டி, "உந்தக் குதிரையைப் பற்றி வள்ளங்களுக்கு முன்னமே தெரியாதோ?" என்று கேட்டார்.

"தெரியாது ஐயா. கூப்பிடுறவருக்கும் தெரியாது. வந்தாப் போலைதான் ஆரெண்டு பார்த்து இணைச்சது."

"வராதவைக்கும் இடம் வைச்சிருக்கிறாய். நல்ல வேலை," என்று சொல்லிப் பழத்தை உரித்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதைத் தின்றாளா என்பதே அவளுக்கு நினைவில்லை. பல்கலைக்கழகத்தில் யாரும் இதைவிட நல்லதாக எதையும் சொல்லிவிட முடியாது என்று தோன்றியது.

அதற்குள் மேசையைச் சுற்றிக் கூட்டம் முண்டியடித்தது. நண்டை விடச் சொன்னார்கள். அது பக்கவாட்டில் ஓடி, கரையே சேரவில்லை. நயினாதீவு லோஞ்சை விடச் சொன்னார்கள். அப்போது இராசேஸ்வரி ஜோசப்பினின் காதில் எதையோ சொல்ல, இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டினார்கள். கரையில் ஒரு பஸ் தோன்றியது. புறப்பட்டது, நின்றது. புறப்பட்டது, நின்றது. கட்டுமரம் அதைத் தாண்டிப் போனது. நண்டுகூடத் தாண்டியது.

"பொய்!" என்று வாசலிலிருந்து ஒரு சத்தம். ஆட்களை ஏற்றிக்கொண்டு போக வந்து, பஸ்ஸை வெளியே விட்டுவிட்டு இவ்வளவு நேரமும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற டிரைவர் சிவபாதம் கைகளை விரித்துக்கொண்டு முன்னே வந்தார். "என்ரை பஸ் இப்பிடி ஒருநாளும் நிண்டதில்லை!"

"எத்தினை மணிக்கு அண்ணை வெளிக்கிடவேணும்?" என்று லியோன் கேட்டான்.

சிவபாதம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். புறப்படவேண்டிய நேரம் எப்போதோ போயிருந்தது. மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் தாங்க முடியாமல் சிரித்து, பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்துகொண்டு, "சரி தங்கச்சி, ஒருக்கால் என்ரை பஸ்ஸை நிப்பாட்டாமல் விடும் பாப்பம்," என்றார்.